கல்லீரல் மாற்றிய குழந்தைக்கு ஹீமோகுளோபின் மட்டும் இறங்குகிறது: டாக்ரோலிமஸ் காரணமாக இருக்குமா?

மன்னார்குடி அப்பா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 5 வயது, யூகேஜி படிக்கிறாள். பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தக்குழாய் அடைபட்டுப் பிறந்தவள். பித்தம் வடிய குடலைக் கல்லீரலோடு இணைக்கும் கசாய் ஆபரேஷன் கைகொடுக்கவில்லை. ஒரு வயது முடிவதற்குள் அவள் அம்மாவின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்துச் சென்னையில் வைத்தார்கள். அன்றிலிருந்து, புதுக் கல்லீரலை உடம்பு தள்ளாமல் இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், காலை ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. ஸ்டீராய்டை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. வேறு மருந்து எதுவும் கிடையாது. கல்லீரல் ரிப்போர்ட் இதுவரை எங்களைப் பயமுறுத்தியதே இல்லை.

பொங்கலுக்கு வந்த என் தங்கைதான் ஆரம்பித்து வைத்தாள். "அண்ணே, பாப்பா உதடு ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" டெஸ்ட் எடுத்தால் ஹீமோகுளோபின் 8.1. அதற்கு முந்தைய ரிப்போர்ட்டில் 11.6 இருந்தது. இங்கே ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்தும் இரும்புச் சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். டானிக் குடித்துப் பல் கறுத்ததுதான் மிச்சம், அடுத்த டெஸ்டில் 5.9. இத்தனைக்கும் பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். மாடிப்படி ஏறும்போது மட்டும் நடுவில் உட்கார்ந்துவிடுவாள்.

சென்னைக்குக் கூட்டிப் போனோம். ரத்தம் ஏற்றினார்கள். எடுத்த டெஸ்ட்டுகளை அப்படியே எழுதுகிறேன்: வெள்ளணு 7,200. பிளேட்லெட் 2.9 லட்சம். ரெட்டிக் கவுன்ட் 0.1 சதவீதம். கூம்ப்ஸ் (உடம்பே சிவப்பணுவைத் தாக்குகிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ். பிலிருபின், எல்டிஹெச் (சிவப்பணு உடைந்தால் இரண்டும் ஏறுமாம்) நார்மல். கிட்னிக்கான கிரியாட்டினின் 0.4. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதிகம். டாக்ரோலிமஸ் அளவு 6.1. இப்போது எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பார்வோ என்று ஒரு வைரஸுக்கு பிசிஆர் அனுப்பியிருக்கிறார்கள். ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "மருந்தாலும் இப்படி வரலாம், ஆனால் ரொம்ப அபூர்வம்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் ராத்திரி முழுக்க விழித்திருந்தோம்.

இந்த மாத்திரை இத்தனை வருடம் ஒத்துக்கொண்டதுதானே, இப்போது எப்படி ரத்தத்தில் கை வைக்கும்? மருந்தை மாற்றினால் கல்லீரலை உடம்பு தள்ளிவிடாதா? மஜ்ஜை டெஸ்ட் குழந்தைக்கு வலிக்குமா? யாருக்காவது இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

*

மூலிகை நேசன் பதில்:

ஐயா, பப்பாளி இலைச் சாறு காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் கொடுங்கள். டெங்குவில் ரத்த அணு ஏறுவதை நாடே பார்த்தது. கூடவே பீட்ரூட், பேரீச்சை. இந்த இங்கிலீஷ் மருந்தெல்லாம் ரத்தத்தைச் சுண்ட வைப்பதுதான். கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள், தானாக ஏறும்.

*

சிவகாசி அம்மா பதில்:

நேசன் சார், தயவுசெய்து மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாற்றுக் கல்லீரல் உள்ள குழந்தைக்கு அது விளையாட்டு இல்லை.

அண்ணா, உங்கள் பெண்ணுக்கு வந்ததும் என் பையனுக்கு வந்ததும் ஒன்றில்லை. ஆனாலும் மருந்தால் ரத்தம் குறைந்த கதை என்பதால் எழுதுகிறேன். அவனுக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ், உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் வியாதி. ஸ்டீராய்டோடு எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோபிரின் ஆரம்பித்தார்கள். சில வாரத்தில் தலையணை உறை முழுக்க முடி. வருடினால் கொத்தாகக் கையோடு வந்தது. சுரம் அடித்து ஊர் பூராவும் வைரல் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம், "அதுவாகத்தான் இருக்கும்" என்று அருகில் ஒரு ஆஸ்பத்திரியில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாமல் அழுதான். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெள்ளணு 900. அதிலும் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

தனி அறை, ஆன்டிபயாடிக், வெள்ளணு ஏற ஊசி. தேறிவிட்டான். அப்புறம்தான் ஜீன் டெஸ்ட் எடுத்தார்கள். அசதயோபிரினை உடம்பு எப்படிக் கையாளும் என்று காட்டும் டிபிஎம்டி ஜீன் நார்மல். என்யுடிடி15 என்ற இன்னொரு ஜீனில் அப்பா பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று என்று இரண்டு பிரதியுமே மாறியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு அசதயோபிரின் சாதாரண அளவே விஷம் மாதிரி ஆகிவிடுமாம். இப்போது அதற்குப் பதிலாக மைக்கோஃபினோலேட் என்ற மருந்து கொடுக்கிறோம். முடி முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்துவிட்டது.

உங்கள் பெண்ணுக்கு வெள்ளணு நன்றாக இருக்கிறது, அதனால் இது வேறு வகை. ஆனால் நாளைக்கு மருந்து மாற்றும் பேச்சு வந்து அசதயோபிரின் என்றால், அந்த ஜீன் டெஸ்டைப் பற்றிக் கேளுங்கள்.

*

ஸ்லைடு அக்கா பதில்:

மன்னார்குடி தம்பி, நான் டாக்டர் இல்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்து ரிடையர் ஆனவள். உறுப்பு மாற்றிய பிள்ளைகளின் ரத்தம் விடிகாலையிலேயே எங்கள் மேஜைக்கு வந்துவிடும். முகம் தெரியாது, ட்யூபில் ஒட்டிய பேரும் நம்பரும் தெரியும். சில பேர்களை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்கு மேல் இதை வைக்காதீர்கள்.

எல்லோரும் 5.9-ஐப் பார்த்துப் பயப்படுவார்கள். என் கண் போனது ரெட்டிக் 0.1-க்கு. ரெட்டிக் என்றால் மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணு. சாதாரணமாக நூற்றுக்கு ஒன்று இரண்டு இருக்கும். ஹீமோகுளோபின் 5.9-க்கு இறங்கினால் நல்ல மஜ்ஜை சும்மா இருக்காது, ஐந்து, பத்து என்று அள்ளி வீசும். அதை எண்ணுவதும் ஒரு வேலைதான். ரத்தத்தோடு நியூ மெத்திலீன் ப்ளூ சாயத்தைக் கலந்து உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, ஸ்லைடில் இழுத்துக் காயவிட்டு, எண்ணெய் சொட்டு வைத்துப் பார்ப்போம். இளம் அணுவுக்குள் மட்டும் நீலநூல் சிக்கல் மாதிரி ஒரு வலை தெரியும். ஆயிரம் அணுக்களை எண்ணுவோம். உங்கள் பெண்ணின் 0.1 என்பது ஆயிரத்தில் ஒன்று. ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போவோம், நீல வலை ஒன்றுகூடக் கண்ணில் படாமல் புலம் புலமாகத் தாண்டும். மெஷின்தான் தப்பாகச் சொல்கிறதோ என்று கையால் எண்ண உட்கார்ந்தவர்கள்கூட அதே எண்ணைத்தான் எழுதிவிட்டு எழுந்திருப்போம்.

ஆக, ரத்தம் எங்கேயும் கசியவில்லை, உடையவில்லை. செய்வதே நின்றுபோயிருக்கிறது. இரும்பு டானிக் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதுதான் பதில். இரும்பு வேண்டிய அளவு இருக்கிறது, எடுத்து உபயோகிக்க ஆள் இல்லை. அதனால்தான் ஃபெரிட்டின் ஏறிக் கிடக்கிறது.

அடுத்தது, வெள்ளணுவும் பிளேட்லெட்டும் ஏன் நிமிர்ந்து நிற்கின்றன என்பது. நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. பிளேட்லெட்டுக்கு ஆயுள் 7 முதல் 10 நாள். சிவப்பணுவுக்கு 120 நாள். மொத்த மஜ்ஜையையும் மருந்து அடித்தால் முதலில் விழுவது வெள்ளணு. சிவகாசி அம்மா பையனுக்கு நடந்தது அது. உங்கள் பெண்ணுக்கு அந்த இரண்டும் ஆடாமல் இருப்பதால், மஜ்ஜையில் சிவப்பணு செய்யும் பகுதி மட்டும் கதவை மூடியிருக்கிறது. உற்பத்தி அடியோடு நின்றால் 120 நாள் ஆயுளில் பாதி அணுக்கள் போக இரண்டு மாதம் ஆகும். 11.6 பாதியானால் 5.8. உங்கள் தேதிகளை எடுத்துப் பாருங்கள், அநேகமாக ஒத்துப்போகும். பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்ததும் இதனால்தான். மெதுவாக இறங்கினால் குழந்தை உடம்பு பழகிக்கொள்ளும். ஒரே நாளில் இப்படி இறங்கியிருந்தால் எழுந்தே நின்றிருக்க மாட்டாள். இந்த நிலைக்குப் பியூர் ரெட் செல் அப்ளேசியா என்று பெயர். ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ என்று போடுவார்கள்.

உங்கள் டாக்டர்கள் கூம்ப்ஸ், எல்டிஹெச் எல்லாம் எதற்கு எடுத்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். டாக்ரோலிமஸ் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வரும் ரத்தக் கோளாறு இது ஒன்று மட்டும் இல்லை. சிலருக்கு உடம்பே தன் சிவப்பணுவை எதிரியாக நினைத்து உடைக்கும். எதிர்ப்பு சக்தியைத்தான் அடக்கி வைத்திருக்கிறோமே, அது எப்படி என்று கேட்பீர்கள். தன்னைத் தானே தாக்காமல் காவல் காக்கும் டி செல்களையும் இந்த மருந்து சேர்த்து அடக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கல்லீரல், குடல் மாற்றிய குழந்தைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அப்போது கூம்ப்ஸ் பாசிட்டிவ், ரெட்டிக் மிக அதிகம், கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம். உங்களுக்கு அது இல்லை.

இன்னொன்று டிஎம்ஏ. நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்சுவர் புண்ணாகி அங்கங்கே உறைகட்டி, அதில் மோதிச் சிவப்பணு கிழியும். ஸ்லைடில் ஹெல்மெட் வடிவத்திலும் முக்கோணமாகவும் துண்டுகள் கிடக்கும். பிளேட்லெட் இறங்கும், எல்டிஹெச் எகிறும், கிரியாட்டினின் ஏறும், பிரஷரும் ஏறும். அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை நாங்கள் உட்கார்ந்திருக்க மாட்டோம், வார்டுக்கு உடனே போன் போகும். உங்கள் பெண்ணின் பிளேட்லெட் 2.9 லட்சம், கிரியாட்டினின் 0.4. அதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது, கதவை மூடியது யார் என்பதுதான். அதற்குத்தான் பார்வோ பிசிஆர். பார்வோவைரஸ் பி19, 1975-ல் லண்டனில் இவோன் கோசார்ட் என்ற அம்மையார் கண்டுபிடித்தது. பி என்ற தட்டில் 19-ஆவது ரத்த மாதிரியில் அகப்பட்டதால் அந்தப் பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சாதாரணமாகப் பரவும், அறைந்த மாதிரி கன்னம் சிவக்கும், போய்விடும். அது குடியேறுவதே சிவப்பணுவாக வளரப்போகும் செல்லுக்குள்தான். மற்ற பிள்ளைகள் சில நாளில் எதிர்ப்பொருள் செய்து விரட்டிவிடுவார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கும் பிள்ளைக்குள் அது மாதக்கணக்கில் தங்கிவிடும். இவர்களுக்கு எதிர்ப்பொருள் டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ் என்று ஏமாற்றும், அதனால் வைரஸையே தேடும் பிசிஆர்தான் சரி. பாசிட்டிவ் வந்தால் ஐவிஐஜி போடுவார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த எதிர்ப்பொருள் அது. பெரியவர்களில் பாதிக்கு மேல் பார்வோ வந்து போனவர்கள் என்பதால் அதற்கான ஆயுதமும் அதில் இருக்கும். விலைதான் கொஞ்சம் அதிகம், காப்பீட்டில் வருமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பார்வோவும் இல்லை என்றால்தான் மருந்தின் பக்கம் விரல் நீளும். இந்த விஷயத்தில் மைக்கோஃபினோலேட்டின் பெயர்தான் முன்னால் வரும். 2009-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதன் மருந்துத் தாளில் பிஆர்சிஏ எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. டாக்ரோலிமஸ் தாளிலும் அந்த எச்சரிக்கை உண்டு. ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பார்வோவோ, வேறு மருந்தோ, அடிப்படை நோயோ கூடவே இருந்தது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் எந்த டாக்டரும் எடுத்த எடுப்பில் டாக்ரோலிமஸ்தான் என்று சொல்ல மாட்டார். மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடைசியில்தான் அங்கே வருவார்கள். என் ஊகம் கேட்டால் பார்வோ என்றுதான் சொல்வேன்.

மஜ்ஜை டெஸ்ட்டுக்குக் குழந்தையை மயக்கித்தான் எடுப்பார்கள். இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசி போகும். ஓரிரு நாள் அந்த இடம் வலிக்கும், அவ்வளவுதான். அங்கே பார்வோ இருந்தால் ஸ்லைடில் ராட்சத அளவு இளஞ்செல்கள் நிற்கும், மறக்க முடியாத உருவம். அதையும் பார்த்துவிடலாம் என்பதால் அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேசன் தம்பிக்கு: பப்பாளி இலையைப் பற்றி டெங்குவில் பேசியது பிளேட்லெட்டுக்கு. இந்தக் குழந்தைக்குப் பிளேட்லெட் நன்றாகவே இருக்கிறது. டாக்ரோலிமஸை உடைக்கும் நொதி குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. அதைத் தடுக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். பப்ளிமாஸ் பழத்துக்கே அந்தக் குணம் உண்டு. இலைச்சாறு என்ன செய்யும் என்பதை இந்தப் பிள்ளையின் உடம்பில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

சிவகாசி அம்மா சொன்னதில் ஒரு சேர்க்கை. டிபிஎம்டி மேல்நாட்டுப் புத்தகங்களில் பெரிதாகப் பேசப்படும் ஜீன், அங்கே அந்த மாறுதல் அதிகம். நம் பக்கத்திலும் கிழக்காசியாவிலும் என்யுடிடி15-தான் அதிகம். 2014-ல் கொரியாவில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முடி கொத்தாகக் கொட்டுவதும் வெள்ளணு விழுவதும் சேர்ந்து வந்தால் அந்த ஜீனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். டிபிஎம்டி மட்டும் பார்த்துவிட்டு "நார்மல், தைரியமாகக் கொடுங்கள்" என்றால் நம் பிள்ளைகளுக்கு அது பாதி டெஸ்ட்தான்.

கடைசியாக ஒன்று. சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான லேபில் ரெட்டிக் அதில் சேராது. தனியாக எழுதி வாங்குங்கள்.

*

மன்னார்குடி அப்பா பதில்:

அக்கா, உங்கள் பதிலை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ரிப்போர்ட் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு மாதக் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஆனால் உங்கள் ஊகம் தப்பிவிட்டது. ரத்தத்திலும் மஜ்ஜையிலும் பார்வோ நெகட்டிவ். ஈபிவி, சிஎம்வி என்று இன்னும் இரண்டு வைரஸ் பார்த்தார்கள், அதுவும் இல்லை. மஜ்ஜை ரிப்போர்ட்டில் வெள்ளணு வரிசையும் பிளேட்லெட் வரிசையும் நார்மல், சிவப்பணு வரிசை அநேகமாக இல்லை என்று எழுதியிருக்கிறது. ராட்சத செல் எதுவும் இல்லையாம். அதற்குள் ஹீமோகுளோபின் மறுபடி 6.4-க்கு வந்துவிட்டது. வெள்ளணு வடிகட்டிய ரத்தம் இன்னொரு முறை ஏற்றினார்கள்.

டாக்டர் இந்த முறை உட்கார்ந்து பேசினார். டாக்ரோலிமஸை எடுத்துவிட்டு சைக்ளோஸ்போரினுக்குப் போகலாம் என்கிறார். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து, ஆனாலும் மாற்றியதும் சிவப்பணு திரும்பி வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்களாம். "மாற்றிப் பார்ப்பதுதான் டெஸ்ட்டும், வைத்தியமும்" என்றார். வாராவாரம் கல்லீரல் டெஸ்ட், மருந்தின் அளவு, ரெட்டிக் மூன்றும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளுவது போலத் தெரிந்தால் ஸ்டீராய்டு தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

வீட்டில் என் மாமியார்தான் தைரியம் சொல்கிறார். 1998-ல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றிய குழந்தை நம் காஞ்சிபுரத்துப் பிள்ளை, இதே பித்தக்குழாய் வியாதி, அப்பா கொடுத்த கல்லீரல், இன்றைக்கு அவரே டாக்டர். அந்தச் செய்தி வந்த பேப்பரை மாமியார் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

சைக்ளோஸ்போரின் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

*

ஸ்லைடு அக்கா பதில்:

ஊகம் தப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை தம்பி, பார்வோ என்றால் ஐவிஐஜி போட்டாலும் சில பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து படுத்தும். மாற்றியதும் தினமும் ஹீமோகுளோபினைப் பார்த்து மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஏற்றிய ரத்தத்தால் ஏறியிருக்கும், பிறகு இறங்கும். ரெட்டிக்கைப் பாருங்கள். கதவு திறந்தால் அங்கேதான் முதலில் தெரியும், ஹீமோகுளோபின் பின்னாலேயே வரும்.

*

மன்னார்குடி அப்பா பதில்:

அக்கா, ரெட்டிக் 4.2! மாற்றி மூன்றாவது வாரம். லேபில் போனைப் போட்டுப் புள்ளி சரியாக இருக்கிறதா என்று கேட்டேன், 0.42 இல்லையே என்று. இல்லை, 4.2-தான் என்றார்கள். கல்லீரல் என்ஸைம் கொஞ்சம் ஏறி, மருந்தளவைக் கூட்டியதும் இறங்கிவிட்டது. ஹீமோகுளோபின் ரத்தம் ஏற்றாமலே 9.3. மருந்துதான் காரணம் என்று இப்போது டாக்டர் ஃபைலில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்: டாக்ரோலிமஸ் இனிமேல் வேண்டாம், அவரைக் கேட்காமல் யாரும் ஆரம்பிக்கக் கூடாது என்று. ஃபைலின் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து எங்கள் இருவர் போனிலும் வைத்திருக்கிறோம்.

புதுக் கவலை என்னவென்றால் நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி முளைக்கிறது. என் அம்மா தினமும் கடலை மாவும் மஞ்சளும் தேய்க்கிறார். அப்புறம், சிரப்பாகத்தான் கொடுக்கிறோம், வாடை பிடிக்காமல் துப்புகிறாள்.

*

ஈரோட்டம்மா பதில்:

வணக்கமுங்க. என் பையனுக்குக் கிட்னி மாற்றினது, சைக்ளோஸ்போரின்தான் கொடுக்கிறோம், பல வருசமா. ரெட்டிக் கேட்டதும் எனக்கே கண் கலங்கிடுச்சுங்க.

முடி முளைக்கிறது இந்த மருந்தோட குணம்தாங்க, கடலை மாவுக்கெல்லாம் கேட்காது. அளவு குறைஞ்சா கொஞ்சம் குறையும். பாட்டிகிட்ட மெதுவாச் சொல்லி வைங்க, தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் புண்ணாயிடப் போகுது. பெண் குழந்தைங்கறதால ஸ்கூல்ல யாராச்சும் கேலி பண்ணுவாங்க, மிஸ்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் என் பையனோட மிஸ்கிட்ட சொன்னேன், அவங்களே பார்த்துக்கிட்டாங்க.

அதைவிட ஈறைப் பாருங்க. ஈறு தடிச்சுப் பல்லை மூட வரும். பிளட் பிரஷருக்கு அம்லோடிபின் மாதிரி மாத்திரை சேர்ந்தா இன்னும் அதிகமாகும். மிருதுவான பிரஷ்ஷால ரெண்டு வேளை விளக்கி விடுங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பல் டாக்டர்கிட்ட காட்டுங்க, இன்ன மருந்து சாப்பிடுறான்னு சொல்லியே காட்டுங்க. பிரஷர் இந்த மருந்துல ஏறும், வாரத்துக்கு ஒருக்கா பார்த்துக்கணும்.

சிரப் விஷயம்: ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, உறைஞ்ச மாதிரி ஆயிடும். வெளியவே வைக்கணும், பாட்டில் திறந்தா ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கணும். ஆப்பிள் ஜூஸ் இல்லைன்னா ஆரஞ்சு ஜூஸ்ல கலக்கிக் கொடுத்தா வாடை தெரியாது. பப்ளிமாஸ் ஆகாதுன்னு அக்கா சொன்னது இதுக்கும்தான். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், அதுல ஒட்டிக்கும், கண்ணாடி டம்ளர்ல கலக்குங்க. குடிச்சதும் அதே டம்ளர்ல இன்னும் கொஞ்சம் ஜூஸ் ஊத்திச் சுழற்றிக் கொடுத்தா அடியில நின்னதும் உள்ள போயிடும். அளக்குற சிரிஞ்சைத் தண்ணியில கழுவாதீங்க, வெளிப்பக்கம் மட்டும் காஞ்ச துணியால துடைச்சு வைங்க. உள்ள ஈரம் நின்னா அடுத்த வேளை அளவு மாறிடும். ஆரஞ்சுன்னா எப்பவும் ஆரஞ்சு, ஆப்பிள்னா எப்பவும் ஆப்பிள். கொடுக்குற நேரமும் மாறக் கூடாதுங்க. டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கிற அன்னிக்குக் காலை மருந்தைக் கையிலேயே எடுத்துட்டுப் போங்க, எடுத்து முடிச்சதும் அங்கேயே கொடுத்துடலாம்.